புளியமரம் வேண்டாம் என்று நான் சொன்ன விவரம்

786
சைகோன், 22-4-1960

காரைக்காலில் இருக்கும் என் அன்பு மச்சான் சலாஹுதீன் மரைக்காயர் அவர்களுக்கு, பக்கீர் மைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ரஹ்மத் நிஷாவும் நலம். அவள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு நோய்நொடி இல்லை. அங்கே உங்களுக்கும் மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வராதிருக்க துஆச் செய்கிறேன். நிற்க.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே நல்ல வெட்டிவேர்த் தட்டி பன்னிரண்டு, ஒன்றரை ஆள் உயரத்தில், பார்த்து வாங்கி அடுத்த கப்பலில் ஏற்றிவிடவும். எதற்கு என்று கேட்பீர்கள். நம் கடை வாசலில் நிற்கிற புளியமரத்தை வெட்டப் போகிறார்கள். எந்தப் பாவி வெட்டச் சொன்னான் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதமும்.

பென் தான் சந்தையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற நம் பெரிய வீதியைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். அகல நடைபாதை, புது விளக்கு, புதுச் சாக்கடை. செய்யட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் மச்சான், எப்படிச் செய்யலாம் என்று கடைக்காரர்களாகிய எங்களைக் கேட்கிறார்கள்! பிரெஞ்சுக்காரன் காலத்தில் விடிந்து பார்த்தால் வாசலில் முளை அடித்திருக்கும், நாமும் ஓரமாக ஒதுங்கிப் போவோம், மனசுக்கு ஒரு குழப்பம் கிடையாது. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் எந்தச் சர்க்காரும் என்னிடம் கேட்டது பெயரையும் பாஸ்போர்ட்டையும் வரியையும்தான். அபிப்பிராயம் கேட்டதில்லை. இப்போது சந்தைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, மேசைமேல் நம் வீதியின் படத்தை விரித்து, மனசில் உள்ளதை எழுதிப் போடுங்கள் என்று ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் பக்கத்து வயிரவன் செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கி பச்சை, மருந்துக்கடை பச்சை, நம் கடை மட்டும் மஞ்சள். ஏன் மஞ்சள்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன். பச்சைப் பென்சில் தீர்ந்துபோய்விட்டதாம். இதை நம்பச் சொல்கிறார்கள்.

கொட்டகைக்குப் பொறுப்பு துவான் என்று ஓர் இளவயசு இஞ்சினியர். நாலு வருஷம் பாரிஸில் படித்தவனாம். கடை கடையாக வந்தான். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றான். கைக்குட்டைக்கு நம் கடை ஜவுளியில் மெல்லிய துணி ஒரு துண்டு கொடுத்தேன், அதுவும் வேண்டாம் என்றான். ஒன்றும் வேண்டாத அதிகாரியை நான் அன்றுதான் பார்க்கிறேன். “மிஸ்யே மைதீன், இந்த வீதியில் உங்களுக்கு எது முக்கியம்?” என்று பிரெஞ்சு மரியாதையில் கேட்கிறான். எனக்கு எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேரே கண்ணாடிக்குள் இறங்கும். அந்த மரம் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கருநீலப் பட்டு சாம்பல் நிறமாகிவிடும், நிழலுக்கு ஒதுங்கி அப்படியே உள்ளே வருகிற பெண்களும் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதை அவனிடம் சொல்வதா? கான் ஹொய் துறையில் நாம் இரண்டு பேரும் மூட்டை சுமந்த நாளில் என்ன பழகினோம்? பிடித்த துணியைத் தொடக் கூடாது. தொட்டால் குறை சொல்லிக்கொண்டே தொட வேண்டும். கடைக்காரன் அதைத் தூக்கிப் பேசுவான், நாம் வேண்டாவெறுப்பாக, சரி போனால் போகிறது என்று வாங்க வேண்டும். அந்தப்படியே நான், “எது முக்கியமா? முதலில் இந்தச் சனியன் பிடித்த மரத்தைப் பாருங்கள், இலைக் குப்பை, காக்காய் எச்சம், நடைபாதை பூரா வேர், இதை வெட்டினால் புண்ணியமாகப் போகும்” என்றேன். இப்போது அவன் என்ன சொல்ல வேண்டும்? “ஐயோ, நல்ல மரமாயிற்றே” என்று சொல்ல வேண்டுமா இல்லையா? அந்தப் படிச்ச பிள்ளை நோட்டைத் திறந்து எழுதிக்கிட்டு, “இவ்வளவு மனம் திறந்து பேசின முதல் ஆள் நீங்கதான்”னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டான் மச்சான்! பேரமே பேசவில்லை!

அதோடு விட்டதா? மறுநாள் த்ருவோங் டின் வீதி மாரியம்மன் கோயிலிலிருந்து திரும்பி வந்த வயிரவன் செட்டியார் கடைக்குள் நுழைந்து, “என்ன மைதீன் மரைக்காயரே, மரம் வேணாம்னு சொல்லிட்டீகளாமே? நீங்க காரியம் இல்லாம வாயத் தொறக்கிற ஆளா? அதான் நம்ம ஆளுக அம்புட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்துப் பெட்டியில போடச் சொல்லிட்டேன். ஆமா, மரம் போனா என்ன லாபம்? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க” என்றார். லாபம் ஒன்றுமில்லை செட்டியாரே என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். “பலே, சொல்ல மாட்டீகளே!” என்று சிரித்துக்கொண்டே போனார். மொத்தம் நாற்பத்தொரு சீட்டு. மரத்தடியில் கரும்புச்சாறு பிழிகிற பா தூ அம்மாள் ஒருத்திதான் தனி. எழுதத் தெரியாதாம், வெறும் சீட்டில் ஒரு புளிய இணுக்கைப் பசை போட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். சர்க்காரிடம் தன் ஆசையை இப்படிப் பச்சையாகக் காட்டுகிற ஏமாளியும் உண்டா என்று நான் வீட்டில் சொன்னேன். அதற்கு உங்கள் தங்கை, “வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு என்னங்க? இருபது வருசமா எனக்கும் ஒண்ணும் நேராச் சொன்னதில்ல, கொழம்பு வேணும்னாக்கூட ரசத்தைத்தானே கொறை சொல்றீங்க” என்றாள். அன்றைக்கு நிறுத்தினதுதான் பேச்சை.

வேறு வழியில்லாமல் கொட்டகைக்குப் போய், மரம் வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். துவான் கதவைச் சாத்திவிட்டு மெதுவாக, “யார் உங்களை மிரட்டியது?” என்றான். யாரும் இல்லை என்றேன். “பயப்படாதீர்கள், நாற்பத்தொரு பேர் உங்கள் பின்னால் நிற்கிறார்கள், துணிந்து நில்லுங்கள்” என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டான். பொய் சொன்ன அன்று நம்பினான், நிஜம் சொன்ன அன்று சந்தேகப்படுகிறான். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்று காலை மரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆகையால் தட்டியை மறக்க வேண்டாம். அங்கே உங்கள் முனிசிபாலிட்டி என்றைக்காவது அபிப்பிராயம் கேட்டு வந்தால், காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடவும். மாமிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. வல்ல நாயன் நம் இரண்டு வாசலிலும் நிழல் குறையாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
பக்கீர் மைதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது துவான் வந்துவிட்டான். மரம் நிற்கும்! நாற்பத்தொரு சீட்டிலும் ஒரே வாசகம் இருந்ததால் யாரோ தூண்டிவிட்ட சதி என்று மேலதிகாரி தள்ளிவிட்டாராம். பா தூ அம்மாளின் இணுக்கு ஒன்றுதான் மனசிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொண்டார்களாம். சுண்ணாம்பு வட்டம்கூட வெட்டக் கூடாத மரத்துக்கான அடையாளமாம். நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடுவதற்குள், “உங்கள் குறையையும் நாங்கள் மறக்கவில்லை மிஸ்யே மைதீன், கடைப் பக்கம் சாய்ந்த கிளைகளை மட்டும் வருஷா வருஷம் வெட்டிவிடுகிறோம்” என்றான். கடைசியில் பேரத்துக்கு வந்துவிட்டான். பிறகு பா தூ அம்மாள் பக்கத்து நிழலில் நின்று ஒரு கிளாஸ் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தான். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் மூன்று நாள் மௌனமும் போய்விட்டது. எனவே தட்டி பன்னிரண்டு வேண்டாம், கிளை வெட்டுகிற பக்கத்து வெயிலுக்கு ஆறு போதும். கடையில் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று நேராகச் சொல்லி வாங்கவும். விலை கேட்கும்போது மட்டும் பழையபடி.