கேமராவை முந்திப் போன கொய்யா

ஒன்றுமே படிக்காதவனை நம்பலாம். முழுக்கப் படித்தவனையும் நம்பலாம். ஒரு கட்டுரையை முக்கால்வாசி படித்தவனிடம் மட்டும் உடம்பைக் கொடுக்கக் கூடாது.

என் மனைவியின் தம்பி துபாயிலிருந்து விடுப்பில் வல்லத்திராக்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மலத்தில் இரத்தம் போகிறது என்று அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறான். வெள்ளிக்கிழமை பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதாகப் புதுக்கோட்டை டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விமானம். புற்றா இல்லையா என்று தெரியாமல் எப்படி ஏறுவது? வீடே சோற்றை மறந்து கிடந்தது.

நான் மட்டும் செல்போனில் படித்துக்கொண்டிருந்தேன். (கட்டுரை வந்த தேதிகூட நினைவிருக்கிறது. யாரும் கேட்பதில்லை.) கொய்யா, மஞ்சள் போன்றவற்றில் உள்ள சில பொருட்கள் ஆய்வகத்தில் பெருங்குடல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றனவாம். தின்றால் அவை குடல்வரை போய்ச் சேருமா? எப்படியும் கேமரா போகிறது. பார்த்துவிடலாமே!

வியாழன் காலை கொல்லைக் கொய்யாவைத் தட்டு நிறைய நறுக்கி, மிளகாய்த்தூளுக்குப் பதில் மஞ்சள்தூள் தூவி நீட்டினேன்.

"மச்சான், வெதை உள்ளது எதையும் திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே?"

"அது கேமரா வசதிக்குச் சொன்னது மாப்ள. இது ஒன் செல்லுக்கு. தின்னு."

பயந்தவன் எதையும் தின்பான். தட்டைக் காலி செய்தான். மாலையில் பேதி மருந்து குடித்தான். எல்லாம் போயிற்று, விதைகளைத் தவிர.

மறுநாள் டாக்டர் வெளியே வந்தார்.

"யாருங்க இவருக்குக் கொய்யா குடுத்தது? பாதி தூரம்கூடப் போக முடியல. கருவியே அடைச்சிருச்சு."

நான் பெருமையோடு செல்போனை நீட்டினேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பத்திக்குப் போனார். (நான் போகாத இடம்.)

"தட்டுல வளத்த செல்லு மேல நேரா ஊத்திப் பாத்திருக்காங்க சார். மனுசன் தின்னு பாக்கல."

"சரிங்க டாக்டர். தின்னா எவ்வளவு போய்ச் சேரும்?"

மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

"அது தெரியலங்க. வெதை முழுசாப் போய்ச் சேந்துருச்சு. அது நல்லாத் தெரியுது."

விமானம் அவனில்லாமல் பறந்தது. அடுத்த வாரம் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்து மறுபடி பார்த்ததில் ஒரு சிறு கட்டி இருந்தது. அப்போதே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றில்லை என்று முடிவு வந்த அன்றுதான் என் மனைவி மறுபடி என்னோடு பேசத் தொடங்கினாள்.

இப்போதெல்லாம் அவன் விடுப்பு கிடைத்ததும் துபாயிலிருந்து முதலில் அக்காவுக்குத்தான் பேசுவான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்:

"அக்கா, டிக்கெட் போடவா? மச்சான் இப்ப எதையும் படிக்கலையே?"