கடைசிப் பந்தி கமாண்டர்

என் அம்மா "கூடாது" என்று சொன்னால் பயப்படத் தேவையில்லை. அழுதோ, சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டோ, அப்பாவைத் தூது விட்டோ காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். "உன் இஷ்டம்" என்று சொன்னால்தான் ஆபத்து. அந்த வார்த்தைக்குப் பின்னால் எப்போதும் ஒரு "ஆனா" ஒளிந்திருக்கும்.

ராணுவக் கல்லூரியில் சேர்ந்து அதிகாரியாகப் போகிறேன் என்று நான் வீட்டில் அறிவித்தபோது எனக்குப் பதினேழு வயது. அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உன் இஷ்டம். ஆனா, லீவுல ஏதோ லீடர் கேம்ப் எல்லாம் நடக்குதுன்னு சொன்னியே, அதுல ஒண்ணுக்குப் போ. அத நடத்துற பெரியவரு என் மூஞ்சியப் பாத்து, 'இந்தப் பிள்ள மனு போடட்டும்'னு சொல்லணும். சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா வாய மூடிக்கிட்டு டீச்சருக்குப் படி."

பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் மனு போட முடியாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். வீட்டில் அவருடைய பதவி வேறு. "அம்மா சொல்றது கரெக்ட்டுலா" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கல்லூரி எனக்கு வெறும் விளையாட்டு ஆசையில்லை. பள்ளிக் கேடட் படையில் நான்கு வருஷம் வெயிலில் நின்றவள் நான். பின்வாசலில் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்து அணிவகுப்புப் பழகுவேன். (பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவிடம் வந்து, "பிள்ளைக்கு ஏதாச்சும் பிரச்சினையா?" என்று விசாரித்தார்கள்.) அது கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

சரி, எந்த முகாம்? மூன்று இருந்தன. ஒன்று கடற்கரை ஹோட்டலில். மேடைப் பேச்சு, குழு விளையாட்டு, மூன்று வேளையும் பஃபே. இன்னொன்று எங்கள் ஊர் பாயா ரும்புட்டிலேயே, நடந்து போகிற தூரத்தில் ஒரு மண்டபத்தில். அங்கே ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் விளக்கை அணைத்து, சோகப் பாட்டைப் போட்டு, "உன் தாய் நாளைக்கு இல்லாவிட்டால்?" என்று கேட்டு எல்லாரையும் கதறவிடுவார். என் தோழி போய்விட்டு வந்து மூன்று நாள் அவள் அம்மாவை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், அந்த அம்மாவால் சமைக்கவே முடியவில்லை.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ஒரு மேஜர் நடத்தும் காட்டு முகாம். விளம்பரத்தில் முகத்தில் கறுப்புப் பச்சை மை பூசிய ஓர் ஆள் இலைகளுக்கு நடுவே முறைத்துக்கொண்டிருந்தார். கீழே, "இடம்: ரகசியம்." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். வேறு எதையும் விசாரிக்கவில்லை.

"கடல் பக்கம் போலாமே, நல்ல சாப்பாடாம்" என்றார் அப்பா.

"எதிரி பஃபே போட்டுட்டாப்பா சண்டைக்கு வருவான்?" என்றேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் காதுவரை இருக்கும்.

அம்மாவின் கவலை வேறு. "அந்த வாரந்தான் செலண்டார்ல மாமா கோயில் திருவிழா. எல்லாரும் போறோம். நீ மட்டும் வரமாட்டியா?"

"நாடு முக்கியமாம்மா, பாயசம் முக்கியமா?"

அம்மா கீரைக் காம்பைக் கொஞ்சம் வேகமாக ஒடித்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், செலண்டார் பக்கம் அம்மா பிறந்த தோட்டத்துக் கோயிலின் செயலாளர். உண்மையில் அவர் அந்தப் பதவியை வாங்கியது சாமிக்காக அல்ல, மைக்குக்காக. நன்கொடை தந்தவர் பெயர், காணாமல்போன செருப்பு, வழியை மறித்து நிற்கும் கார் என்று எல்லாவற்றையும் அறிவிப்பார். அவர் மைக்கைப் பிடித்துவிட்டால் அம்மனே இறங்கி வந்து கேட்டாலும் தரமாட்டார்.

முகாமுக்குப் புறப்பட்ட அன்று பேருந்துத் திரைகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். போன்களை ஒரு பையில் வாங்கிக்கொண்டார்கள். வண்டி ஏறியது, இறங்கியது, வளைந்தது, மணிக்கணக்காக ஓடியது. பகாங் காடாக இருக்கும், ஏன், தாய்லாந்து எல்லையாகக்கூட இருக்கலாம் என்று நான் புல்லரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை மரம். செம்பனை எங்கே நின்றாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மேஜர் குள்ளமான மனிதர். குரல் மட்டும் ஆறடி. மறுநாள் காலை எங்களை வரிசையில் நிறுத்தி, "யார் தலைவர்?" என்று மலாயில் கர்ஜித்தார். யோசிப்பதற்கு முன்பே என் வாய் "சாயா, துவான்!" (நான்தான், ஐயா!) என்று கத்திவிட்டது. என்னோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை என் தலையில் கட்டினார். ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, முகத்துக்கு மை. மதியத்துக்குள் குன்றின் மேல் அவர் காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சாப்பாடு அங்கேதான். வெளியாள் உதவி கூடவே கூடாது.

மற்ற குழுக்காரர்கள் மை பூசினார்கள். நான் அப்பினேன். விளம்பரத்து ஆளே என்னைப் பார்த்தால் பயந்திருப்பார்.

பாதி நாள் நடந்தோம். ஒரே வாய்க்காலை மூன்று முறை தாண்டினோம். (மூன்றும் வேறு வேறு வாய்க்கால் என்று நான் அடித்துச் சொன்னேன். மிதந்துகொண்டிருந்த நீல வாளி மூன்றிலும் இருந்தது.) கடைசியில் குழுவிலிருந்த மெய் லிங் என்ற பெண், மிகவும் மரியாதையாக, மலாயில் கேட்டாள்.

"தர்ஷினி, மேப்புல எழுத்தெல்லாம் ஏன் தலைகீழா இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அய்மான் என்ற பையன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியல, கேப்டன். பசி" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குன்று எங்கே, மேஜர் எங்கே, அம்மாவின் கையெழுத்து எங்கே?

அப்போதுதான் மரங்களுக்கு மேலாக அந்தக் குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... செவப்புக் கார் வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு வண்டிய எடுங்க. ரதம் திரும்பணும். ஐயா, மூணாவது தடவையா சொல்றேன்!"

மாமா!

அடப்பாவிகளா! அந்த ஊர் சுற்றெல்லாம் சுற்றி, கடைசியில் என்னை அம்மா பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஒரு நல்ல தலைவி அப்போது என்ன செய்திருப்பாள் என்று எனக்குப் பின்னாளில் பாடமாகவே சொல்லித்தந்தார்கள். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மாமா இருக்கிற இடத்தில் சோறு இருக்கும்.

"வழி மட்டும் கேட்டுட்டு வந்துடுவோம்" என்றேன். அதை யாரும் நம்பவில்லை, நான் உட்பட.

கோயில் கொட்டகையில் அன்னதானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மை பூசிய ஆறு உருவங்களைப் பார்த்ததும் மாமாவே ஓடிவந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆர்மியா? சிலா, சிலா! வாங்க! முதல்ல மக்கான், சாப்பாடு! அப்புறம் பேச்சு!"

அய்மான் கோயில் பந்தியில் உட்காரத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வெளிய ஸ்டால்ல இளநீ இருக்கு, பிஸ்கட் இருக்கு, அங்க உக்காருலா" என்று அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் உட்காரக் காலை மடக்கினேன். மடக்கிய கால் அப்படியே நின்றது.

பந்தியின் மறுகோடியில், சாம்பார் வாளியோடு அம்மா.

திருவிழாவுக்கு மாமா கோயிலில் அம்மா இருப்பார் என்பது புதுச் செய்தியா? அவரே சொன்னார். நான்தான் நாட்டைக் காப்பாற்றும் அவசரத்தில் மறந்துவிட்டேன். வழி தெரியாமல், பசியோடு, சோற்றுக்கு வந்து நிற்கிற என்னை அவர் பார்த்தால் கதை முடிந்தது. டீச்சர்தான்.

"நீ உக்காரல?" என்றாள் மெய் லிங்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக் காலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமாவுக்கு விருந்தாளி வந்தால் கை சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நம்ம ஆத்தாவைத் தேடி ராணுவப் பிள்ளைங்க வந்திருக்காங்க! இன்னும் தோட்டத்துக்குள்ள எத்தன பிள்ளைங்க பசியோட திரியுதுங்களோ தெரியல. எங்க இருந்தாலும் வந்து சாப்பிட்டுப் போகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." தமிழில் சொன்னதோடு விட்டாரா? அதையே மலாயில் சொன்னார். அப்புறம் ஆங்கிலத்தில். "ரைஸ் ஹேவ். பாயசம் ஆல்சோ ஹேவ்."

செம்பனை மரங்களுக்குள்ளிருந்து வந்தார்கள் பாருங்கள்! கிழக்கே ஒரு குழு, மேற்கே ஒரு குழு. காலையிலிருந்து குன்றைக் கண்டுபிடிக்க முடியாத எல்லாரும் கோயிலை மட்டும் ஒரு பிசகில்லாமல் கண்டுபிடித்தார்கள். முகாமே வந்துவிட்டது.

எனக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று. கூட்டத்தில் கலந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருக்கலாம். அம்மா இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் இலை போட்டேன். அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றினேன். வந்தவர்களைப் பிடித்துப் பிடித்து உட்காரவைத்தேன். பசியில் கண் இருட்டியது. பருப்பு வாசனையில் அழுகையே வந்துவிட்டது.

மேஜரின் ஜீப் வந்து நின்றபோது பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. குன்றின் மேல் தனியாக, கையில் ஸ்டாப் வாட்சோடு அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. அவருடைய படை முழுவதும் வாழையிலைக்கு முன்னாலும் இளநீர் ஸ்டாலிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருவன் அப்பளத்தை வாயில் வைத்தபடியே சல்யூட் அடித்தான்.

"இதுக்குத் தலைவர் யார்?"

அத்தனை விரலும் என்னைக் காட்டின. மாமாவின் விரல் உட்பட.

"சாப்பிட்டாயா?" என்றார் மேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் இல்ல, துவான்."

"ஏன்?"

மெய் லிங் எனக்கு முந்திக்கொண்டு எழுந்து நின்றாள். "எல்லாரும் முதல்ல சாப்பிடணும்னு சொன்னா, துவான். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

மேஜர் என்னையே பார்த்தார். அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் மலாயில் கேட்டது. கையில் வாளியோடு நேரே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"துவான், இவ என் மக. பட்டாளத்துக்குப் போகணும்னு உயிர விடுறா. மனு போடலாமா, வேணாமா? இப்பவே சொல்லிடுங்க."

பூசிய மை வேர்வையில் வழிந்து வாய்க்குள் போயிற்று.

"மேப் படிக்கத் தெரியல" என்றார் மேஜர். "கட்டளைய மீறிட்டா. என் முகாமையே ஒரு மணி நேரத்துல காலி பண்ணிட்டா. என் இருபது வருஷ சர்வீஸ்ல எந்த எதிரியும் இத செஞ்சதில்ல." மூச்சு விட்டார். "ஆனா அத்தன பேரையும் சாப்பிட வெச்சிட்டு, தான் பசியோட நிக்கிறா. அது சொல்லிக்கொடுத்து வர்றதில்ல. மனு போடட்டும், மக்சிக்" என்று அம்மா பக்கம் திரும்பினார். "வேணாம்னு சொல்ற வேலைய காலேஜ்காரங்க பாத்துக்குவாங்க."

அதற்கப்புறம் முகாம் முழுவதும் கோயில் அண்டாக்களைத் தேய்த்தது. எனக்கு மட்டும் கூடுதலாகத் தண்டால். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அடி வாளிச் சோற்றில் ரசம் ஊற்றித் தின்றேன். அப்படி ஒரு சோறு அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே அம்மா பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னப் பாத்துத்தான ஒளிஞ்ச?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"மூஞ்சியில தாரையே பூசிக்கிட்டு வந்தாலும் அந்தத் திருட்டு முழி எனக்குத் தெரியாதா? வாழ மரத்துக்குப் பின்னாலேருந்து பாதி உடம்பு வெளியில தெரியுது. பெத்தவளுக்குப் பயந்து பட்டினி கிடக்கிறவ, எதிரிய என்னத்தடி கிழிப்ப?"

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

அம்மா காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உன்ன கண்காணாத எடத்துக்கு அனுப்பிட்டு, சாப்டாளோ இல்லையோன்னு தெனம் நெஞ்சு அடிச்சிக்கணுமேன்னுதான் பயந்தேன். நீ தொலைஞ்சு போனாலும் சோறு இருக்கிற எடமாப் பாத்துத்தான் தொலையிற. போ, பொழைச்சுக்குவ."

இப்போது என் தோளில் நட்சத்திரங்கள் இருக்கின்றன. வரைபடத்தை நேராகப் பிடிக்கக் கற்றுத்தந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் எனக்கு முதல் பந்தி கிடையாது. உட்காரப் போனால் சித்தப்பாக்களும் அத்தைகளும் பாய்ந்து தடுப்பார்கள்: "ஏய், லீடர் கடைசியிலதான் சாப்பிடணும், எந்திரி, எந்திரி!" மண்டபத்தில் மைக் எங்கிருந்தாலும் அதற்குள் மாமா கையில் இருக்கும். "கடைசிப் பந்தி கமாண்டர் தர்ஷினி எங்கிருந்தாலும் உடனே சாப்பாட்டு மேசைக்கு வரவும். பாயசம் முடிஞ்சிருச்சு."

அது பொய். அம்மா ஒவ்வொரு முறையும் எனக்கென்று ஒரு டம்ளர் எடுத்து, மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி, சமையல்கட்டில் ஒளித்து வைத்திருப்பார். மாமாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மைக்கில் சொல்லிவிடுவார்.