குழந்தை வண்டியும் போகும் பாதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் யாரும் நலமில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கும்போதே எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. தங்கள் முழங்காலில் தையல் பிரித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் இப்போதுதான் ஒரு காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அது யார் கால், எப்படி உடைந்தது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

தாங்கள் செய்தித்தாளில் கத்தரித்து அனுப்பிய துண்டு என் முன்னால் இருக்கிறது. "கடலோரப் பூங்கா. குடும்பத்தோடு நடக்க ஏற்ற எளிய பாதை. ஒன்றரை மணி நேரம். குழந்தை வண்டியும் போகும்." அதன் ஓரத்தில் தங்கள் மணியான கையெழுத்தில், "நாலு சுவருக்குள் பேசாதவர்கள் காற்றோட்டமான இடத்தில் பேசுவார்கள். கூட்டிப் போங்கள்" என்று ஆலோசனை. ஏழாம் மாதத்தில் அந்தக் குழந்தை தங்காமல் போன நாளிலிருந்து, நாலு மாதமாக என் மகளும் தங்கள் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. பிரசவ வார்டில் அவள் தனியாகக் கிடந்தபோது மாப்பிள்ளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவள் மனக்குறை. ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் தபால் கொண்டுபோவது நாலு வயதுப் பேத்தி பட்டாணிதான். "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துடுச்சு" என்பாள் என் மகள். பட்டாணி அடுத்த அறைக்கு ஓடி, "அப்பா, அம்மா தீந்துடுச்சாம்" என்று சொல்லும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்படி ஒரு வீடு.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மாப்பிள்ளை காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பின்னால் பெண்கள் மூன்று பேர். முக்கால் மணி நேரப் பயணத்தில் பேசிய ஒரே ஆள் என் வீட்டுக்காரி, அவளும் தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாக மூடவில்லை என்பதைத்தான் பேசினாள். குழந்தை வண்டி போகும் என்று தாங்கள் அனுப்பிய துண்டு சொல்லிவிட்டதால், பரணில் கிடந்த பட்டாணியின் பழைய வண்டியை இறக்கித் துடைத்து எடுத்து வந்திருந்தாள். பட்டாணி அதில் உட்கார மாட்டேன் என்று அழுததால், அதில் பாய், பிளாஸ்க், இரண்டு குடை, சாப்பாட்டு டப்பா எல்லாம் உட்கார்ந்துகொண்டன. முதல் அரை கிலோமீட்டர் பலகை போட்ட பாதை, குறை சொல்ல முடியாது. அப்புறம் முள்ளுப் புதர், அப்புறம் ஏற்றம், அப்புறம் இறக்கம், அப்புறம் கணுக்கால் வரை புதைகிற மணல். குழந்தை வண்டி போகும்தான் சம்பந்தி, தூக்கிக்கொண்டு போனால். மாப்பிள்ளை முன்பக்கத்தைத் தூக்க, மகள் பின்பக்கத்தைத் தூக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாயையும் குடையையும் சுமந்து போனார்கள். மூச்சு வாங்க நின்றபோது ஒரு கடல்பறவை வந்து டப்பாவைத் தட்டிவிட்டு உள்ளே இருந்ததில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. மீதிப் பாதி மணலில்.

கடற்கரையின் கோடியில் ஒரு பாறைமுனை இருக்கிறது. பாதையோரத்து நீலநிற அம்புக்குறி அந்தப் பக்கம்தான் காட்டியது. நான் முன்னால் நடந்தேன், எல்லோரும் பின்னால் வந்தார்கள். தண்ணீர் வடிந்து, பாறை வரைக்கும் மணல் காய்ந்து கிடந்தது. பாயை விரித்து உட்கார்ந்து ஒரு காபி குடித்து முடிப்பதற்குள், வந்த வழியில் முழங்கால் அளவுத் தண்ணி. திரும்பிப் பார்த்தா இடுப்பளவு. கடல் ஏறும் நேரம்னு எங்களுக்கு யார் சொன்னது? போர்டு இருந்ததாம். இருந்திருக்கலாம். யார் பார்த்தா? "ஏங்க, மேல ஏறுங்க, குழந்தையை மேல ஏத்துங்க"ன்னு கத்திக்கிட்டே என் வீட்டுக்காரி பாசி படிஞ்ச பாறையில காலை வெச்சா. 'டக்'னு ஒரு சத்தம். குச்சி முறியற மாதிரி. நான் காய்ஞ்ச கிளைன்னு நெனச்சேன். அவ கணுக்கால்.

அவளை இழுத்து மேலே கிடத்திட்டுத் திரும்பினா, வண்டி மிதக்குது. குடையும் பிளாஸ்குமா ராணி மாதிரி கடலுக்குள்ள போகுது. பட்டாணி கையை ஆட்டி டாட்டா காட்டுறா. உங்க மகன் என்ன செஞ்சார் தெரியுமா? குதிச்சுட்டார். அந்தப் பழைய வண்டிக்காக! மார்பளவு தண்ணியில போறார், அலை ஒண்ணு வந்து தலைக்கு மேல அடிக்குது, ஆள் காணோம். அப்பதான் என் மகள் வாயைத் திறந்தா. "வாங்க! போதும், திரும்பி வாங்க!" நாலு மாசத்துல முதல் வார்த்தை. அவர் திரும்பி வந்தார், கையில பிளாஸ்க் மூடி மட்டும்.

இதோட கட்டிப்பிடிச்சு அழுது எல்லாம் சரியாப் போச்சுன்னுதானே எதிர்பார்க்கறீங்க? கேளுங்க. அவர் பாறையில ஏறி மூச்சு விடறதுக்குள்ள ஆரம்பிச்சா. "வண்டிக்காகக் குதிக்கத் தெரியுதுல்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வரத் தெரியலையா?"

"வந்தேன்."

"பொய்."

"வந்தேன். நர்ஸ் துணியில சுத்தி என் கையில கொடுத்தாங்க. பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. உனக்குக் காட்டணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் ரூமுக்கு வர்றது? மாடிப்படியில உக்காந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும்."

"வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தார். என் வீட்டுக்காரிகூட முனகறதை நிறுத்திட்டா. என் மகள் கேட்டா, "எப்படி இருந்தான்?"

"முடி நிறைய இருந்துச்சு. உன் நெத்தி."

"எங்க வெச்சீங்க?"

"நான்தான் கொண்டுபோனேன். வேற யாரையும் கூப்பிடல."

"நாலு மாசமா நீங்க மட்டும் அவனைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க"ன்னா. சத்தமே போடல, சம்பந்தி. சத்தம் போட்டிருந்தா தாங்கியிருப்பேன். கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டா. அப்புறம் மூணு மணி நேரம் அந்தப் பாறையில அஞ்சு பேர் இருந்தோம், ஒருத்தரும் வாயைத் திறக்கல, "பசிக்குது"ன்னு சொன்ன பட்டாணியைத் தவிர.

பூங்காக் காவலர் அம்மா ஒருத்தர் ரப்பர் படகுல வந்து, விசில் ஊதி, "பெரிய மனுஷனா இருந்துக்கிட்டு போர்டு படிக்கத் தெரியாதா?"ன்னு என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. மாப்பிள்ளையைக் கேட்கல, என்னைக் கேட்டாங்க. எனக்கு என்ன மரியாதை பாருங்க. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்து எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு, தகடு வைக்கணும்னுட்டாங்க. வெச்சாச்சு. அன்னைக்கே என் மகள் பட்டாணியையும் ரெண்டு பெட்டியையும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. "கொஞ்ச நாள் இங்க இருக்கேன்பா"ன்னா. எவ்வளவு நாள்னு கேக்க எனக்குத் துணிச்சல் இல்ல.

ஆகவே சம்பந்தி அவர்களே, நடந்த அனைத்துக்கும் தங்கள் செய்தித்தாள் துண்டும், தங்கள் ஆலோசனையும், வாய் திறக்க வேண்டிய நேரத்தில் மாடிப்படியில் உட்காரும் தங்கள் மகனுமே காரணம் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இரு குடும்பத்துக்கும் இடையில் மரியாதை நிமித்தமான கடிதப் போக்குவரத்து மட்டும் போதும். ஆலோசனை எதுவும் அனுப்ப வேண்டாம். கத்தரிக்கோலை உயரமான இடத்தில் வைக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் வணக்கம், படுத்தபடியே சொல்லச் சொன்னாள். தங்கள் முழங்கால் நன்றாக மடங்கி நீள எல்லாம் வல்லவன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகனின் மாமனார், இன்றைய தேதி வரை

பி.கு.: மேலே உள்ளது சம்பந்தியம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட. இது உங்களுக்கு மட்டும். படித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

கடல் ஏறும் நேரம் எனக்குத் தெரியும். முந்தின நாளே தனியாகப் போய் அந்தக் காவலர் அம்மாவிடம் விசாரித்தேன். பதினோரு மணிக்கு ஏறும், பாறையைச் சுற்றி மூன்று மணி நேரம் நிற்கும், ஆனால் பாறை ஒருநாளும் முழுகாது என்று சொன்னார். போர்டையும் காட்டினார். அதனால்தான் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை திறந்து விட்டிருக்கிறேன். ஏறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்கூட, நான் கதவைத் திறக்கும்போது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நம்பித்தான் கூட்டிப் போனேன். அலை உங்கள் மகன் தலைக்கு மேல் அடித்தபோது, குழந்தை போனபோதே ஒரு தடவை செத்த என் மகளை இரண்டாம் தடவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இன்று காலை மாப்பிள்ளை வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "கூட்டிட்டுப் போறேன். வர்றியா?" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தக் குழந்தை இருக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். திரும்பும்போது சேர்ந்து வருவார்களா, தனித்தனியாக வருவார்களா, தெரியாது. மணி நாலாகிறது. இன்னும் வரவில்லை.

என் வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியாது. காலுக்கடியில் தலையணை வைக்கும்போதெல்லாம், "உங்களை மாதிரி யாருங்க பாத்துப்பாங்க" என்கிறாள். நான் இன்னொரு தலையணை எடுத்து வைக்கிறேன்.