கேமராவுக்கு வைத்த பொட்டு

இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு எந்தக் கருவியின் மீதும் சந்தேகம் எழுவதில்லை. அப்படி எழாததுதான் அவனிடமுள்ள பழுது என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.

என் மனைவி சரோஜா மறைந்த பிறகு என் கார் இரண்டு முறை உரசல் பட்டது. (இரண்டு முறையும் தவறு சுவரினுடையது.) மதுரையிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த மகள் வாசுகி, "இன்னொரு கீறல் விழுந்துச்சுன்னா, சாவியை என்கிட்டக் கொடுத்துரணும்ப்பா" என்றாள். சாவி போனால் நான் வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். ஆகவே, என் குற்றமின்மையை நிரூபிக்க, சாலையைப் பதிவுசெய்யும் டேஷ் கேமரா ஒன்று வாங்கத் தீர்மானித்தேன்.

பார்வைக் கோணம், இரவுத் தெளிவு, எங்கள் ஊரான போடியின் வெயிலைத் தாங்கும் திறன் என ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ரப்பர் பிடியால் ஒட்டிக் கழற்றக்கூடிய ஒன்றைத் தேர்ந்தேன். முன்கண்ணாடியைத் துடைத்து, பார்வையை மறைக்காத இடத்தில் அழுத்தினேன். வயரைக் கூரையோரம் செருகிச் சார்ஜர் துளைக்குக் கொண்டுவந்தேன். சோதித்தபோது தெரு முழுவதும் துலக்கமாகத் தெரிந்தது. கண் கூசாதிருக்கத் திரை தானே அணையும்படியும் அமைத்தேன்.

ஒரு வேலை மிச்சமிருந்தது. மிக்ஸியோ மோட்டாரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் சரோஜா எதையும் ஓடவிட்டதில்லை. அந்தப் பொறுப்பு இப்போது என்னுடையது. கேமராவின் முகத்தில் பொட்டுக்கு ஏற்ற வட்டம் ஒன்றுதான் இருந்தது. மையம் பிசகாமல் வைத்தேன்.

மறுநாள் குரங்கணிச் சாலையின் ஒரு வளைவில், ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஏற்றி வந்த ஜீப்பும் என் காரும் உரசிக்கொண்டன.

"ஹாரன் அடிக்காம வளைவுல வர்றீகளேய்யா!" என்று இறங்கினார் டிரைவர்.

"அடித்தேன். சாட்சி இருக்கிறது" என்றேன். (நீதிமன்றத்தில் நிற்கும் தோரணை.)

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். திரையை இயக்கினேன். சாலையில்லை, ஜீப்பில்லை, சிவப்பாக ஒரு மூட்டம்.

"அண்ணே, படத்துல சூரியன்தான் உதிக்குது!" என்றாள் ஒருத்தி.

டிரைவர் குனிந்து பார்த்தார். "பொட்டைக் கண்ணுக்குள்ளயா வைப்பாக?"

ஆனால் ஒலி தெளிவாகப் பதிவாகியிருந்தது. என் குரல்தான்: "சும்மா ஹாரன் அடி, ஹாரன் அடின்னு சொல்லாதே சரோ. இந்த நேரத்துல எவன் வரப்போறான்?" அடுத்து, உலோகம் நசுங்கும் சத்தம்.

ஜீப்பே குலுங்கும்படி சிரித்தார்கள். வயதான பெண் ஒருவர் என் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆத்தா எங்கய்யா?"

"காலமாகிவிட்டாள். நான்தான் பேசிக்கொண்டு வருகிறேன்."

சிரிப்பு நின்றது. டிரைவர் தோள்துண்டால் லென்சைத் துடைத்தார். மடங்கிக் கிடந்த என் பக்கக் கண்ணாடியை நிமிர்த்தினார்.

"பேசுங்கய்யா. ஆனா அவுக சொன்னாக் கேட்டுக்கிடுங்க."

வீடு திரும்பியதும் சாவியையும் கேமராவையும் வாசுகியின் முன் வைத்தேன். பதிவைக் கேட்டுச் சிரித்தாள். மறுபடி போட்டபோது சிரிக்கவில்லை. சாவியைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மா பேச்சைக் கேக்கறதா இருந்தா ஓட்டுங்கப்பா."

இப்போது எங்கள் வீட்டில் யார் யோசனை சொன்னாலும், "சும்மா சொல்லாதே சரோ" என்பதுதான் மருமகனின் பதில். மலைச் சாலையிலும் கதை பரவிவிட்டது. என் காரைக் கண்டால் ஜீப்பை மெதுவாக்கி, "அய்யா, அம்மா என்ன சொல்றாக?" என்று கேட்கிறார்கள்.

"அடிக்கச் சொல்கிறாள்" என்று சொல்லி ஹாரனை அழுத்துகிறேன்.