தாயின் பெயர் எழுதும் இடம்

மட்டக்களப்பில் நாய்களுக்கும் தாய்வழிக் குடி பிரித்துக் கொடுத்த ஒரே மனுஷி எங்கள் நாவற்குடா மிட்வைஃப் மிஸ்தான். ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை வெட்டியவர் என்பதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே தெருநாய்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் அவரே. ஒவ்வொரு நாய்க்கும், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதுபோல ஒரு கிளினிக் கொப்பி. அதில் ஊசி போட்ட திகதி, நிறை, தாயின் பெயர். குழந்தைகளைக் கால்சட்டை மாட்டித் தொங்கவிட்டு நிறுக்கும் தராசில் நாய்க்குட்டிகளும் தொங்கின.

வெளியூர் மிருக வைத்தியர் ஒருவர் இலவசமாகக் கருத்தடை ஒப்பரேஷன் செய்யச் சம்மதித்தார். ஆனால் காயம் ஆறும்வரை ஒவ்வொரு நாயையும் ஒரு வீடு பொறுப்பெடுக்க வேண்டும். ஏழு நாய், ஏழு வீடு. ஒன்று குறைந்தாலும் வரமாட்டாராம். அவர் வராவிட்டால் சங்கம் அத்தோடு சரி.

தெருநாயை வீட்டு வளவுக்குள் விட யார் தயார்? மிஸ் யோசித்தார். குடி என்பது எங்கள் பகுதியில் தாய்வழியாக வரும் கிளை. கோயில் திருவிழாவும் குடிக்கொரு நாள். அதையே நாய்களுக்கும் போட்டார். தாய்நாய் எந்த வளவில் குட்டி போட்டதோ, அந்த வீட்டுக் குடிதான் குட்டிக்கும்.

முதலில், தன் குடி சார்பில் கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர் வீடு. மனுஷன் துள்ளினார்.

“என்ட குடியில நாயா? என்ன கதை மிஸ் கதைக்கிறீங்க?”

“உங்கட விறகுக் கொட்டிலுக்குள்ளதான் செம்பி பிறந்தவள். வேணாமெண்டா சொல்லுங்க. முதல் கொப்பிய எதிர்வீட்டுக்குக் குடுக்கிறன்.”

முதல் மரியாதை எதிர்வீட்டுக் குடிக்குப் போவதா? வண்ணக்கர் செம்பிக்குப் பாயே போட்டுவிட்டார். அதைக் கேள்விப்பட்டு இன்னும் ஐந்து வீட்டார் தாமாகவே வந்து கொப்பி கேட்டார்கள்.

மிஸ் என்னிடமும் வந்தார். நாயைக் கண்டால் நான் தெருவையே மாற்றிப் போவேன்.

“எங்கட வளவில ஒரு நாயும் குட்டி போட்டதில்ல மிஸ்” என்றேன்.

“ஓம் மனே, சரிதான்” என்று போய்விட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏழாவது நாய்தான் வில்லங்கம். மாங்கேணியிலிருந்து மீன் லொறியில் ஏறி வந்த ஒற்றைக்கண்ணி. தாய் யாரென்று எவருக்கும் தெரியாது. வைத்தியர் வர இரண்டு நாள் இருக்கையில் மிஸ் மறுபடி என் கேற்றைத் தட்டி, கொப்பியை நீட்டினார். தாயின் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார்.

“நான் கலியாணம் முடிக்கல்ல. இவள் என்ட பிள்ளையெண்டு எழுதிட்டன். என்ட வீட்டில ஏற்கனவே பன்னிரண்டு நிக்குது. இனி என்ட குடி ஆக்கள்தானே பாக்கணும்.”

“அதுக்கு நான் என்ன செய்ய மிஸ்?”

“உங்கட அம்மா என்ன குடி மனே?”

உள்ளேயிருந்து அம்மா பெருமையாகச் சத்தம் போட்டுச் சொன்னார். மிஸ்ஸின் குடியேதான்.

காயம் ஆறும்வரை ஒரு கிழமைக்கென்று வந்த ஒற்றைக்கண்ணிக்கு இங்கே மூன்று வருடமாகிறது. வைத்தியர் இப்போதும் வருகிறார். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கொட்டிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மிஸ் சைக்கிளில் வந்து தன் மகளைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். அவர் வரப் பிந்தினால் ஒற்றைக்கண்ணி கேற்றடியில் போய் நிற்பாள். நானும் பக்கத்தில் போய் நிற்பேன்.