ஏழு கையெழுத்தும் ஒரு துணிப்பட்டையும்

ஆமாம் சித்தி, அந்த வாக்குமூலத்தில் இருப்பது என் கையெழுத்துதான். யாரும் மிரட்டி வாங்கவில்லை. பேனாகூட என்னுடையது.

முறையாக ஆரம்பித்திருக்க வேண்டும். அன்பும் மரியாதையும் உள்ள சித்திக்கு, அக்கா மகள் எழுதுவது. இங்கே விடுதியில் நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளவும்.

போனில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "யாரும் எங்கிட்ட சொல்லலன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே, நெசமாடி?" நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். நல்லதுதான். பேச்சில் என்றால் உளறியிருப்பேன். எழுத்தில் என்றால் கொஞ்சம் ஒழுங்காக உளறலாம். திங்கள் காலை விசாரணை. சித்தப்பாவை வேலையைவிட்டு நீக்குவதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்கு விளங்க வேண்டும். விளங்கிவிட்டால் யார்மேலும் கோபம் வராது. நான் படித்த படிப்பின் பயன் அது ஒன்றுதான்.

சித்தப்பா இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் இடத்துக்குள் நீங்கள் போனதில்லை. ஆறு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே சலவைக்கு வருகின்றன. முதல் அறையில் பிரிப்பார்கள். விரிப்புக்குள்ளிருந்து கத்தரிக்கோல் விழும், கண்ணாடி விழும், ஒருதடவை பல்செட் விழுந்தது. அடுத்த அறையில் துவைக்கும் பீப்பாய்கள். அதற்கடுத்தது உருளை மிஷின். ஆள் உயரத்துக்குச் சூடான உருளைகள். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி காய்ந்து வரும். கொடுக்கிற பக்கம் உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். சித்தப்பா தினமும் காலையில் ஒரு துண்டைச் சுருட்டி அந்தக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். நின்றால், சரிபார்ப்பு நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஒரு நோட்டு, ஒரு கட்டம், ஒரு கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. இந்த நிலைமையில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

வாங்கிக் கொடுத்தது சித்தப்பாதான், மறக்கவில்லை. மேலாளரிடம் போய், "மனுஷங்க ஏன் தப்புப் பண்றாங்கன்னு எங்க பொண்ணு படிச்சிருக்கு சார்" என்றார். மேலாளர், "அப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே படிச்ச படிப்புதான்" என்றார். நேர்மைப் பயிற்சி அலுவலர் என்று ஒரு பதவி. ஒரு மேசை. அதற்கு மூன்று கால் ஒரு அளவு, நான்காவது வேறு அளவு.

முதல் சீர்திருத்தம் தேநீர் அறையில். சர்க்கரை டப்பா வேகமாகக் காலியாகிறது என்று புகார். யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருந்தாலே மனிதர்கள் ஒழுங்காக நடப்பார்கள் என்று படித்திருந்தேன். எனவே டப்பாவுக்கு மேலே சுவரில் இரண்டு பெரிய கண்கள் உள்ள படத்தை ஒட்டினேன். மூன்றாம் நாள் அதற்கு யாரோ மூக்குக்கண்ணாடி வரைந்தார்கள். ஐந்தாம் நாள் மீசை. அது அச்சு அசல் எலக்ட்ரீஷியன் முகம் மாதிரி ஆகிப்போனதால் எல்லாரும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், அப்படி நின்று பார்க்கிற நேரத்தில் ஆளுக்கு இன்னொரு தேநீர் குடித்தார்கள், அந்த மாதம் சர்க்கரை இரண்டு மடங்கு போனது. அதையும் அறிக்கையில் எழுதினேன். "பணியாளர் ஈடுபாடு அதிகரிப்பு" என்று.

இரண்டாவது சீர்திருத்தம் கையெழுத்து. ஒரே ஆளை நம்புவது ஆபத்து என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்? ஆகவே நோட்டில் ஒரு கட்டத்தை ஏழாக்கினேன். முதலில் சித்தப்பா, பிறகு உருளையில் விரிப்பு கொடுக்கிறவர், எலக்ட்ரீஷியன், கிடங்குக்காரர், கணக்கர், ஆறாவதாக ஆள் கிடைக்காமல் லாரி ஓட்டுநர், கடைசியில் நான். என்ன ஆயிற்று என்றால், எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் போட்டுவிட்டுப் போவார், கிடங்குக்காரர் அவருடையது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவார், கணக்கர் நாற்காலியைவிட்டு எழாமல் போடுவார், ஓட்டுநர் ஒருநாள் என்னிடம் வந்து, "ஆமா, அந்தக் கம்பி எங்கம்மா இருக்கு, ஒருவாட்டி காட்டுங்களேன், மூணு மாசமா அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் சிரித்தேன். நோட்டு மட்டும் பார்க்க அவ்வளவு அழகு. ஏழு வரிசை, ஏழு மை. ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை.

சித்தப்பா ஒருநாள் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை. "முன்ன நான் ஒருத்தன் போடும்போது கை லேசா நடுங்கும்மா. இப்ப நடுங்கல. அது சரியாப் படல. பழையபடி எங்கிட்டயே விட்டுடேன்" என்றார். தனி மனிதனின் தன்னம்பிக்கையே மிகப்பெரிய ஆபத்து என்று அவருக்கு இருபது நிமிடம் விளக்கினேன். படம் போட்டுக்கூடக் காட்டினேன். முழுதும் கேட்டார். "சரிம்மா" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

துணிப்பட்டை விஷயத்துக்கு வருகிறேன். தடுப்புக் கம்பிக்குக் கையும் தெரியாது, விரிப்பின் தடித்த ஓரமும் தெரியாது. எது பட்டாலும் நிற்கும். திரும்ப ஓட நாலு நிமிஷம். ஒருநாள் கனமான கம்பளிப் போர்வைகளாக வந்து குவிந்தன, மணிக்குப் பத்து தடவை மிஷின் நின்றது, மேலாளர் வந்து வந்து கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பாதான், "இன்னிக்கு ஒருநாள் தூக்கிக் கட்டிக்குங்க, சாயங்காலம் நானே அவுத்துடறேன்" என்றார். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டை கிழித்துக் கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்கள். சொன்னபடி சாயங்காலம் அவரே அவிழ்த்தார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அடுத்த வாரம் போர்வை வந்தது, வேறு யாரோ கட்டினார்கள், அன்றைக்குச் சாயங்காலம் அவிழ்க்கவில்லை, மறுநாள் காலையில் நோட்டில் ஏழு கையெழுத்து விழுந்தது. பிறகு அது அங்கேயே இருந்தது. நாலு மாதம். சித்தி, நான் சொல்வதை நம்புவீர்களா, நம்முடைய ஆட்கள் சுத்தமானவர்கள். சனிக்கிழமைதோறும் அந்தப் பட்டையை அவிழ்த்துத் துவைத்தார்கள். அதே உருளையில் இஸ்திரி போட்டார்கள். ஓரம் நூல் பிரிகிறது என்று யாரோ மடித்துத் தைத்தார்கள். பிறகு திரும்பக் கட்டினார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதுவும் மிஷினின் ஒரு பாகம் என்றுதான் நினைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. காய்ந்து வரும் விரிப்புகளை மடிக்கிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் மடிப்பக்கா. அன்றைக்கு அவர் மடிக்கிற பக்கம் இல்லை. விரிப்பு கொடுக்கிற பெண் வராததால் இந்தப் பக்கம் நின்றார். ஈர விரிப்பின் முனை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. மிஷினுக்கு விரிப்பும் தெரியாது, கையும் தெரியாது. அறையில் பதினொரு பேர் இருந்தோம். எல்லாரும் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினோம். யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று தெரியவில்லை. சுவிட்ச் சுவரில், சிவப்பாக, எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. பீப்பாய் அறையிலிருந்து ஓடிவந்து அதை அமுக்கியவர் சித்தப்பா. கூட்டம் இருக்கிற இடத்தில் ஒருவரும் அசைய மாட்டார்கள், ஒவ்வொருவரும் இன்னொருவர் அசைவார் என்று நிற்பார்கள். இதற்குப் பெயர் உண்டு. எனக்குப் பெயர் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பெயர் தெரிந்தவர்களுக்குக் கை நகரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போது எண்ணினேன்.

வலது கையில் நான்கு விரல்கள் போயின.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். நாம் துவைத்துக் கொடுக்கிற ஆறில் ஒன்று. மடிப்பக்கா இடது கையால் படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "இது நம்மளுதுதான் கண்ணு. ஓரம் சரியாக் காயல பாரு. அவசரத்துல எடுத்திருக்காங்க" என்றார். காய்ந்துவிடும் என்றேன்.

ஆகவே சித்தி, நிதானமாக யோசித்துப் பார்த்தால் இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன் தன் பிள்ளைகளை நன்றாக வளர்க்கிறார். கணக்கர் தெருநாய்க்குச் சோறு வைக்கிறார். மேலாளர்கூட மருத்துவமனையில் வாய்விட்டு அழுதார், அழுதுவிட்டு வெளியே வந்து மிஷின் மறுபடி எப்போது ஓடும் என்று கேட்டார். எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் ஏழு பேர் ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டால் நடப்பது இது. நல்லவர்களாக இருப்பதனால்தான் ஒருவரையொருவர் நம்பினார்கள். வாக்குமூலத் தாளில், "ஆபத்து குறித்து முன்கூட்டியே உங்களிடம் யாரேனும் தெரிவித்தார்களா" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டே கட்டம். ஆம், இல்லை. மனித மனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் தயாரித்த தாள். நான் இல்லை என்பதில் குறி போட்டேன். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது என்பதால் பார்வை அவர்மேல் திரும்பியது. அது நான் திருப்பியது இல்லை, வரிசை திருப்பியது. அவர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கத்தைத் தவிர்க்கலாம் என்று மேலாளர் சொல்கிறார். உங்கள் வீட்டைவிட்டு நான் விடுதிக்கு மாறியதையும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு மேசையில் சித்தப்பா எனக்கு முதலில் பரிமாறச் சொன்னது தாங்கமுடியவில்லை, அதுதான் காரணம்.

இதற்குமேல் எழுதினால் நீளும். நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்கவேண்டாம். தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள், ஆனால் நான் படித்ததை வேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைக் கொடுக்கவும். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடவும். உங்கள் எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு,

உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: இன்று திங்கள். கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போடாமல் வேலை இடத்துக்கே வந்துவிட்டேன்.

மேலே எழுதியதில் தேதி, மணி, ஆட்கள், எல்லாம் சரி. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

மடிப்பக்கா என்னிடம் சொன்னார். விபத்துக்கு எட்டு நாள் முன்னால். மேசைக்கே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கண்ணு, அந்தத் துணிய அவுக்கச் சொல்லேன். நேத்து சட்டை நுனி உள்ள போயிட்டு வந்துச்சு. உங்க சித்தப்பாகிட்ட சொன்னேன், இப்ப ஏழு பேரு சேந்துதான் எதையும் மாத்தணும், நீ பாப்பாகிட்ட சொல்லு, அவ பாத்துக்குவான்னாரு."

"சொல்றேங்க்கா" என்றேன்.

அவர் போனதும் என் குறிப்பேட்டில் எழுதினேன். அடுத்த வகுப்புக்கு நல்ல உதாரணம், கடைநிலைப் பணியாளர் துணிந்து பேசுதல். அடிக்கோடு போட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையில் நோட்டு வந்தது. ஆறு கையெழுத்து இருந்தது. ஏழாவதைப் போட்டேன். அதற்கு மறுநாளும்.

மருத்துவமனையில் அவர் இன்னொன்றும் கேட்டார். மேலே எழுதாமல் விட்டேன். "அன்னிக்குச் சொன்னேனே, மறந்துட்டியா கண்ணு?" கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். மறந்திருந்தால் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். "மறக்கலக்கா" என்றேன்.

நெசமில்லை சித்தி. அந்த வாக்குமூலம் பொய்.

புதிதாக ஒன்று எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. எட்டரை மணிக்கு விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். அங்கே சித்தப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், போன வருடம் நீங்கள் எடுத்துக் கொடுத்த சட்டையில். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.