ஆறு துண்டும் ஓர் அண்டாவும்

லோகு மெர்சிக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். ஒரு பித்தளை அண்டாவின் விலை அது.

மெர்சி அவனுக்கு மனைவியாக இருந்தவள். அண்டா, கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் கொடுத்த சீர். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் உலைப் பக்கம் நிற்கும் லோகுவுக்கு ஒரு நாள், பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. அண்டாவை எடைக்குப் போட்டு ஹோம் தியேட்டர் வாங்கினான். ஹோம் தியேட்டர் மூன்றாம் நாள் ஊமையாகிவிட்டது. அன்றிலிருந்து மெர்சி பேசினாள். கடைசியில் இரண்டு பேரும் கோர்ட்டில் பேசினார்கள்.

பிரியும்போது மற்ற சாமானெல்லாம் திரும்பிப் போயின. இல்லாத அண்டாவுக்குப் போதகர் முன்னால் விலை போட்டார்கள். "தரேன்" என்றான் லோகு. சொல்லி நாலு வருஷம் ஆகிறது. சொன்ன சொல்லை அவன் இன்னும் மாற்றவில்லை. இப்போது கேட்டாலும் "தரேன்" என்றுதான் சொல்வான்.

பிள்ளைகள் எளாவூரில் மெர்சியோடு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அப்பனிடம் வருவார்கள். பெரியவள் பிரின்சி. சின்னவன் பார்த்திபன். ஒரு பேர் அவள் பக்கம், ஒரு பேர் இவன் பக்கம். அந்தக் கல்யாணத்தில் சரிபாதியாகப் பிரிந்தது அந்தப் பேர்கள் மட்டும்தான்.

"நைனா, கிறிஸ்மஸுக்கு அம்மாவுக்கு நாங்க கிஃப்ட் குடுக்கணும்" என்றாள் பிரின்சி.

"குடுங்க. நல்லதுதானே."

"டப்பு?"

லோகு தலையைச் சொறிந்தான். டப்பு அல்ல அவன் கவலை. ஓவர்டைம் காசு கையில் இருந்தது. மெர்சியின் சட்டம்தான் கவலை. ‘கடன் டப்பைத் தவிர அந்தாளு காசுல ஒரு குண்டூசிகூட என் ஊட்டுக்குள்ள வரக் கூடாது’ என்பது அந்தச் சட்டம்.

போன வருஷம் பிள்ளைகள் கொடுத்ததாகச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நீர்வீழ்ச்சியை அனுப்பினான். கரண்டில் தண்ணீர் கொட்டும். மறுநாளே திரும்பி வந்துவிட்டது.

"நான் வாங்குனதுன்னு எப்டிம்மா கண்டுபுடிச்சா?" என்று அப்போது கேட்டான்.

"இவ்ளோ மட்டமா எடுக்க வேற யாருக்கும் தெரியாதாம்."

பொய் என்று சொல்ல முடியாது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் வாங்கிப் போன பொருளில் ஒன்றாவது அந்த வீட்டில் தங்கியதில்லை. செருப்பு அளவு தப்பும். மிக்ஸி புகையும். கோழிக்குஞ்சு வாங்கினான், அது பக்கத்து வீட்டில் போய் வளர்ந்தது. இந்த ஒரு தடவையாவது ஒரு பொருள் அங்கே தங்க வேண்டும், பிள்ளைகள் பேரிலாவது தங்க வேண்டும் என்று லோகுவுக்கு இருந்தது.

"அண்டா வாங்கிக் குடு நைனா" என்றான் பார்த்திபன். "கிறிஸ்மஸ் பிரியாணிக்கு அம்மா வாடகை அண்டாதான் எடுக்குது."

லோகுவுக்குப் புரையேறியது. "அண்டாவைத் தவிர வேற சொல்லு."

"ஏன்?"

"அண்டா குடுத்தா கடனைக் கட்டுன மாதிரி ஆயிடும். கிஃப்ட் ஆவாது."

"இப்ப கடனும் கட்டலே, கிஃப்டும் குடுக்கலே. எத்தியாச்சும் ஒண்ணைப் பண்ணேன்."

பிள்ளை தாயைக் கொண்டிருந்தது.

ஆலையில் அவனோடு ஷிப்ட் பார்க்கும் அப்பாவு யோசனை சொன்னார். "பொம்பளைக்குப் பொடவைய வுட்டா வேற இன்னாப்பா? போய் எடு."

லோகு பஜாருக்குப் போய் ஒரு புடவை எடுத்தான். மாம்பழக் கலர். அடுத்த ஞாயிறு பிரின்சி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாக மடித்து வைத்தாள்.

"இதே கலர்ல அம்மாகிட்ட ஒண்ணு கீது நைனா."

"அவளுக்குப் புடிச்ச கலருன்னு சொல்லு!"

"நீதான் முன்னே வாங்கிக் குடுத்தியாம். அத்த வச்சுத்தான் கிரைண்டர் தொடைக்குது."

கடையில் காசைத் திருப்பித் தர மாட்டார்கள். வேறு பொருள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். லோகு நல்ல பூப்போட்ட நைட்டி இரண்டு மாற்றிக்கொண்டு வந்தான். உலை வாசலில் வைத்து அப்பாவுவிடம் காட்டினான். அப்பாவு கையுறையைக் கழற்றிவிட்டு வாயில் கை வைத்தார். நெற்றியில் அடித்துக்கொள்வதற்கு இன்னொரு கை இருந்தது.

"யோவ்! வுட்டுட்டுப் போன பொண்டாட்டிக்கு நைட்டி வாங்கித் தந்தா ஊரு இன்னாய்யா சொல்லும்? அவ அண்ணன்காரன் எளாவூர் செக்போஸ்ட்லியே உன்னை மடக்கிடுவான்."

மறுபடி கடை. அதற்குள் பண்டிகைக் கூட்டத்தில் சரக்கெல்லாம் போய்விட்டிருந்தது. அந்தக் காசுக்கு ஈடாகக் கடைக்காரர் ஆறு துண்டு கொடுத்தார். ஆறும் வெள்ளை. நல்ல கெட்டித் துண்டு.

"ஆறு துண்டா?" என்றாள் பிரின்சி. "அம்மா இன்னா கட்சி மாநாடா நடத்தப் போவுது?"

லோகு துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பரண் மேல் கை வைத்தான். ஆயுத பூஜைக்கு ஆலையில் எல்லோருக்கும் கொடுத்த சுவர்க் கடிகாரம் அட்டைப் பெட்டியோடு அங்கே இருந்தது. பிரிக்காத பெட்டி. புத்தம் புதுசு.

"இது ஓகே நைனா" என்றான் பார்த்திபன். பிறகு கண்ணைக் கிட்டே கொண்டு போனான். "நடுவுல இன்னாமோ எழுதிக்கீது."

லோகு வாசித்தான். அவன் எழுத்துக் கற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. கற்றுக் கொடுத்தவள் பிரின்சி. அவளுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து, ஞாயிறு தோறும் குட்டி குட்டிச் சொல்லிக் கொடுத்தாள். குட்டியது எல்லாம் தலையில்.

"த…லை…க்…க…வ…ச…ம்… அ…ணி…வீ…ர்" என்று படித்தான்.

"ஆலைப் பேரும் போட்டிருக்கு. அம்மா பார்த்தவொடனே யாரு குடுத்ததுன்னு தெரிஞ்சிடும்."

அதற்கென்ன, அழித்தால் போகிறது. லோகு பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் துணியில் நனைத்துத் தேய்த்தான். ஆலையின் பேர் போயிற்று. தலைக்கவசம் போயிற்று. அதே தேய்ப்பில் எட்டும் ஒன்பதும் போயின.

பார்த்திபன் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தான். "ஏழுக்கப்புறம் நேரா பத்து. அம்மாவுக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம்."

"இது வாணாம் நைனா" என்றாள் பிரின்சி. "நீ பேஜாரு பண்ணாதே. பஜார்ல கோபால் மாமா பாத்திரக் கடைல பழைய அண்டா ஒண்ணு கீது. நான் பார்த்தேன். புதுசுல பாதி வெலதான் ஆவும்."

லோகு துண்டுகளைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பண்டிகைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு, அதுவும் இன்றைக்குத்தான்.

"கெளம்புங்க" என்றான்.

கோபால் பழைய பாத்திரம் வாங்கி விற்பவர். கடையின் மூலையில் குடங்களுக்குப் பின்னால் அண்டா கவிழ்ந்து கிடந்தது. லோகு அதை நிமிர்த்தினான். வயிற்றுப் பக்கம் ஒரு நசுங்கல். விளிம்பில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்திய பேர். அந்தக் காலத்தில் அந்தப் புள்ளிகளை அவன் பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான்.

"மெ… ர்… சி."

லோகுவுக்கு வேர்த்தது. இரண்டு வருஷம் கஷ்டப்பட்டுப் படித்த படிப்பில் அவன் தானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம், அவன் செய்த குற்றம்தான். அந்த நசுங்கலும் அவன் போட்டதே. கல்யாணத்தன்று டாட்டா ஏஸிலிருந்து சாமான் இறக்கும்போது, மாப்பிள்ளை மிடுக்கில் ஒற்றைக் கையால் தூக்கிக் கீழே போட்டான்.

பிள்ளைகளைத் தெருவுக்கு இழுத்து வந்தான். "டேய், இது அம்மா அண்டாடா! எடைக்கடைலேர்ந்து எங்கியோ சுத்தி இங்க வந்துகீது!"

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. பாவம், சந்தோஷத்தில் அழுகிறது என்று நினைத்தான் லோகு.

"கோபால்கிட்ட மூச்சு வுடாதீங்க. தெரிஞ்சா வெலைய ஏத்திடுவாரு."

இப்போது அவனுக்கு அண்டாவைப் பற்றி வேறு கணக்கு ஓடியது. அவளுடைய அண்டாவே அவளுக்குப் போய்ச் சேர்ந்தால் கடனும் ஒழிந்தது, பிள்ளைகள் கொடுத்த பரிசும் ஆயிற்று. இப்படி ஒரு புத்திசாலித்தனம் தனக்கு வந்ததில்லை என்று அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

"அண்டா எவ்ளோ அண்ணே?"

"ஐயாயிரம்."

"இன்னா அண்ணே, இவ்ளோ பெரிய நசுங்கல் கீது! எவனோ கூறு கெட்டவன் கீழ போட்ருக்கான்."

"ஆமாம்பா, கூறு கெட்டவன்தான்" என்றார் கோபால். "இரு, சரக்கு வச்ச பார்ட்டிய ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

கோபால் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது மீசைக்குள் ஏதோ அடக்கிக்கொண்டிருந்தார்.

"நாலாயிரத்து ஐநூறு. அதுக்குக் கீழ ஒரு பைசா கொறையாது. நசுங்கலுக்கு இன்னும் கொறைக்கணும்னா, நசுக்குனவனைப் போய்க் கேளுன்னு சொல்றாங்க."

அந்த ஆளை லோகுவுக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதும் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

"பேரு கொத்தணும் அண்ணே. பசங்க பேரு."

"எழுதிக் குடு. அப்டியே கொத்திடறேன்."

லோகு காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரையும் எழுதினான். பிரின்சி சாய்ந்து நின்றாள். பார்த்திபன் போகப் போகப் பெருத்தான். கோபால் எழுத்தின் கோணல் மாறாமல் ‘மெர்சி’க்குக் கீழே அப்படியே கொத்திக் கொடுத்தார்.

கிறிஸ்மஸ் அன்று லோகு எளாவூரில் மெர்சி வீட்டுக்கு எதிர்ப் பக்கம், நெடுஞ்சாலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஆறில் ஒரு துண்டு. லாரிகள் போகும் இடைவெளியில் சந்து தெரிந்தது. மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பின் மேல் அண்டா. மெர்சி நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். அண்டா தெருவுக்கு வரவில்லை. திரும்பி வரவில்லை. தங்கிவிட்டது.

லோகு இன்னொரு டீ சொன்னான்.

மத்தியானம் பிரின்சி தூக்குச் சட்டியோடு சாலையைக் கடந்து வந்தாள். "பிரியாணி. அம்மா குடுத்துட்டு வரச் சொல்லிச்சு."

"எனக்கா? அவளா?"

"கோணல் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துச்சு நைனா. யாரு எழுதினதுன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்னே?"

"பார்த்திபன்னு சொன்னேன். அவன் கையெழுத்து இவ்ளோ மோசம் இல்லியேன்னு சொல்லிட்டுச் சிரிச்சுச்சு."

மெர்சி அவன் கையெழுத்தைப் பார்த்ததே இல்லை. கோர்ட் தாளில்கூட அவன் கைநாட்டுத்தான் வைத்தான். லோகு தூக்குச் சட்டியைத் திறந்து மூடினான். சூடு கண்ணில் பட்டது.

"அப்புறம் நைனா, உன் கடன் தீர்ந்துச்சாம். மிச்சம் இருநூத்தம்பது கிறிஸ்மஸுக்குத் தள்ளுபடியாம். அம்மா சொல்லச் சொல்லிச்சு."

லோகு கணக்குப் போட்டான். நாலாயிரத்து எழுநூற்று ஐம்பதில் நாலாயிரத்து ஐநூறு போனால் மிச்சம் இருநூற்று ஐம்பது. கணக்கு சரி. ஆனால், அண்டா என்ன விலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"வெலைய நீ சொன்னியா?"

பிரின்சி சாலையைக் கடந்து ஓடிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, பாத்திரக் கடை கோபால் மெர்சி வீட்டுச் சந்திலிருந்து பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார். சாலையைக் கடந்து அவன் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எங்கண்ணே இங்க? அந்த வெலை மெர்சிக்கு எப்டித் தெரியும்?"

கோபால் அவன் கழுத்துத் துண்டை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ எடைக்குப் போட்ட மறுநாளே மெர்சி போய் காசு குடுத்து அத்த மீட்டுக்கினு வந்துட்சுப்பா, மொதல்ல அண்ணன் ஊட்ல, பிரிஞ்சப்புறம் நாலு வருசமா தன் கட்டிலுக்கடியிலதான் வச்சிருந்துச்சு, இந்த மாசம்தான் என் கடைல கொண்டாந்து எறக்கி, ‘யாரு கேட்டாலும் குடுக்காதீங்க அண்ணே, போட்டவனுக்கே வித்து டப்பை என் கைல குடுங்க’ன்னு சொல்லிச்சு!"